காணாமல் போன 80 நியூட்டன் மீட்டர்

டொயோட்டா ஃபார்ச்சூனரின் விவரத் தாளை ஷோரூமில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையைப் பார்ப்பார்கள், மைலேஜைக் கேட்பார்கள், மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் அதில் ஒரு விநோதம் தட்டுப்படும். டீசல் இன்ஜின் ஒன்றேதான்: 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன். முறுக்கு விசைக்கு மட்டும் இரண்டு கணக்கு. மேனுவல் வண்டியில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. அதே பிஸ்டன், அதே டர்போ, அதே டீசல். அந்த 80 நியூட்டன் மீட்டர் எங்கே போயிற்று?

ஃபார்ச்சூனரோடு இது நிற்கவில்லை. அதன் உடன்பிறப்பான ஹைலக்ஸ் பிக்கப்பிலும் இதே 420, 500தான். மஹிந்திரா ஸ்கார்ப்பியோ-என் டீசலில் மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்குக்கு 400. தார் பெட்ரோலில் 300, 320. ஃபோர் பை ஃபோர் வண்டி வாங்க நினைக்கும் எவரும் ஒருமுறையாவது கேட்கும் அறிவுரை, ‘காட்டுக்கும் மலைக்கும் மேனுவல்தான் சரி’ என்பது. அப்படியானால் வண்டி செய்கிறவர்களே மேனுவலுக்கு ஏன் குறைத்துக் கொடுக்கிறார்கள்?

இன்ஜினுக்கு அந்த விசையைத் தரத் தெரியாமல் இல்லை. மேனுவல் வண்டியில் அவ்வளவு வேண்டாம் என்று தயாரிப்பாளரே இன்ஜினின் கணினியில் வரம்பு கட்டிவிடுகிறார். கியர்பாக்ஸின் பற்சக்கரங்களும் கிளட்சும் இவ்வளவுதான் தாங்கும் என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவுக்குள் எதிர்பாராத அடிகளுக்கும் இடம் விட்டாக வேண்டும். நடுவில் ஓட்டுநரின் இடது கால் இருக்கிறதே! பாறையிடுக்கில் சக்கரம் மாட்டிக்கொண்ட எரிச்சலில் ஒருவர் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தபடி கிளட்சைப் படாரென்று விட்டால், சுழன்றுகொண்டிருக்கும் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல் மொத்தமும் கண்ணிமைக்கும் நேரத்தில் கியர் பற்களின் மேல் விழும். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் காலுக்கு வேலையில்லை. இன்ஜினுக்கும் கியர்களுக்கும் இடையே எண்ணெய் இருக்கிறது. கியர் மாறும் கணத்தில் இன்ஜினைச் சற்றுத் தணியச் சொல்லும் கணினியும் இருக்கிறது. அதனால் இன்ஜினைத் தைரியமாக முழு மூச்சில் ஓடவிடலாம்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் நிலைமை வேறு. இரண்டாம் உலகப் போரின் வில்லிஸ் ஜீப்பில் மூன்று கியர் மேனுவல். ஆட்டோமேட்டிக் கியருடன் நான்கு சக்கர இயக்கத்தை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது 1963-இன் ஜீப் வேகனீர். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கே தொழிற்சாலையிலிருந்து ஆட்டோமேட்டிக் கிடைக்க 1982 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரோ, ஓரிரு சிறப்புப் பதிப்புகளைத் தவிர்த்தால், 2016 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை மேனுவலாகவே வாழ்ந்து முடித்தது. அதன் பெயரைச் சுமந்து 2020-இல் வந்த புதிய டிஃபெண்டரில் மேனுவல் கியர்பாக்ஸ் கிடையாது. கேட்டாலும் கிடைக்காது.

இந்த மாற்றத்தை ஒரே வண்டியில் பார்க்க விரும்பினால் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். 1984-இல் பிறந்த டொயோட்டா லேண்ட் குரூசர் 70 சீரிஸ் அங்கே சுரங்கங்களுக்கும் மாட்டுப் பண்ணைகளுக்கும் உழைக்கிற வண்டி. பெட்டி போன்ற உடல், கனத்த சட்டகம், நீண்ட கியர் கோல். 2007-இலிருந்து அதில் 4.5 லிட்டர் வி8 டீசலும் ஐந்து கியர் மேனுவலும் மட்டுமே. 2023-இல் டொயோட்டா அதில் 2.8 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜினைக் கொண்டுவந்தது, ஆறு கியர் ஆட்டோமேட்டிக்குடன். எட்டு சிலிண்டர் 430 நியூட்டன் மீட்டர் தந்தது. பாதி சிலிண்டர்கள் கொண்ட புதியது 500 தந்தது. மறு ஆண்டே அதே சிறிய இன்ஜினுக்கு மேனுவலும் வந்தது, 450-க்குக் குறைக்கப்பட்டு. மேனுவல் கேட்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதற்கும், அதற்கு என்ன விலை என்பதற்கும் அந்த 450 சாட்சி.

சரி, கிளட்ச் என்னதான் செய்கிறது?

ஓடுகிற இன்ஜினையும் நிற்கிற வண்டியையும் இணைத்து வைக்கும் உராய்வுத் தட்டு அது. ஒன்று நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றுகிறது, மற்றொன்று அசையவே இல்லை. இரண்டும் ஒரே வேகத்துக்கு வரும்வரை தட்டு வழுக்கியாக வேண்டும், வழுக்கினால் சூடு. இதில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு உண்டு. சமதளத்தில் இன்ஜின் வேகத்தை மாற்றாமல் வண்டியைக் கிளப்பினால், வண்டிக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் சேர்கிறதோ அதே அளவு ஆற்றல் கிளட்சில் வெப்பமாகக் கழிந்துவிடும். மெதுவாக விட்டாலும் வேகமாக விட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராலும் இதற்குக் கீழே போக முடியாது. மேட்டில் நின்று கிளப்பினால் இதற்கு மேல் போகும், அவ்வளவுதான்.

இரண்டு டன் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபர்ஸ்ட் கியரில் கிளட்ச் முழுதாகப் பிடிக்கும்போது வண்டி மணிக்கு 10 கிலோமீட்டரில் ஓடுகிறது என்றால், அந்த ஒரு கிளப்பலுக்குக் கிளட்ச் வாங்கும் சூடு ஏறத்தாழ 7,700 ஜூல். இப்போது லோ ரேஞ்ச் போடலாம். ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருக்கும் கூடுதல் கியர் எல்லா வேகத்தையும் பாதியாக்குகிறது என்று வைத்தால், கிளட்ச் பிடிக்கும் வேகம் 5 கிலோமீட்டர். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சூடு பாதியாவதில்லை, கால்பங்காகிறது. 1,900 ஜூல் சொச்சம். ஃபோர் பை ஃபோர் வண்டியை மேட்டில் ஹாஃப் கிளட்சில் தொங்கவிட்டுக் கருகல் வாடை வரவழைப்பவர்களில் பலர் செய்யத் தவறுவது இந்த ஒரு வேலையைத்தான். லோ ரேஞ்ச் இருந்தும் போடமாட்டார்கள். ‘சேற்றில் மாட்டினால் போட்டுக்கொள்ளலாம்’ என்று நினைப்பார்கள். மாட்டிய பிறகு கிளட்ச் மிஞ்சியிருந்தால் போட்டுக்கொள்ளலாம்தான்.

ஆட்டோமேட்டிக்கில் இந்தத் தட்டின் இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது சாலைக்காகப் பிறந்ததே அல்ல. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் ஸ்டெட்டின் நகரின் வுல்கன் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். வேகமாகச் சுழலும் நீராவிச் சுழலியை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் உந்துவிசிறியோடு எப்படி இணைப்பது என்பது அவருக்கு முன் இருந்த சிக்கல். 1905-இல் அவர் காப்புரிமை பெற்ற விடைதான் இன்று தார் வண்டியின் வயிற்றில் இருக்கிறது.

மூடிய உலோகக் கூட்டுக்குள் எண்ணெய். இன்ஜினோடு சேர்ந்து சுழலும் தகடுகள் எண்ணெயை வீசியடிக்கின்றன. எதிரே கியர்பாக்ஸோடு இணைந்த தகடுகள் அந்த அடியை வாங்கிச் சுழல்கின்றன. இவ்வளவோடு விட்டிருந்தால் அது வெறும் திரவ இணைப்பு. ஃபோட்டிங்கரின் கெட்டிக்காரத்தனம் நடுவில் வைத்த மூன்றாவது தகட்டு வரிசையில் இருக்கிறது. ஸ்டேட்டர் என்று பெயர். வேலையை முடித்துத் திரும்பும் எண்ணெயை அது சரியான கோணத்தில் திருப்பி, முதல் தகடுகளுக்குத் துணையாக அனுப்புகிறது. விளைவாக, வண்டி அசையாமல் நின்று இன்ஜின் முறுக்கும்போது கியர்பாக்ஸுக்குப் போகும் விசை இன்ஜின் தரும் விசையைவிடச் சுமார் இரண்டு மடங்காகிறது. வண்டி நகர்ந்து வேகம் பிடிக்கப் பிடிக்க இந்தப் பெருக்கம் தானாகக் குறைந்து ஒன்றுக்கு ஒன்றாகிவிடுகிறது.

அதாவது கிளட்ச், கையில் உள்ள விசையைக் கடத்த மட்டுமே செய்யும். கன்வெர்ட்டர் பெருக்கும், அதுவும் வண்டி நகர மறுக்கும்போதுதான் மிக அதிகமாகப் பெருக்கும். பாறை மேல் சக்கரத்தை ஏற்ற வேண்டியவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்ஜின் ஆஃப் ஆகிவிடுமோ என்ற பயமும் இல்லை. எண்ணெய் வழுக்கிக்கொடுக்கும்.

மணலில் இதன் அருமை இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் பேர்ட்ஸ்வில் ஊருக்கு மேற்கே, சிம்ப்சன் பாலைவனத்தின் விளிம்பில் ‘பிக் ரெட்’ என்றொரு மணல்மேடு இருக்கிறது. சுமார் 40 மீட்டர் உயரம். அதில் ஏறுவதற்கு வண்டியின் ஓட்ட வேகம்தான் மூலதனம். தார்ச் சாலையில் சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும் தடை வண்டி எடையில் நூற்றில் ஒன்றரை பங்கு போல. இளகிய மணலில் அது நூற்றில் 25 வரைகூடப் போகும். மேனுவல் ஓட்டுநர் செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு வர கிளட்சை மிதிக்கும் அரை நொடி, சக்கரத்துக்கு எந்த விசையும் இல்லாத அரை நொடி. சமமான மணலில் அந்த அரை நொடிக்குள் வண்டி மணிக்கு 4 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் இழக்கும். 20 டிகிரி சரிவில் ஏறிக்கொண்டிருந்தால் இழப்பு 10 கிலோமீட்டர். உச்சிக்கு முன்னால் 20 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளாடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு இது சாவு மணி. ஆட்டோமேட்டிக்கில் ஒரு கியர் விடுவதும் அடுத்தது பிடிப்பதும் ஒன்றன்மேல் ஒன்றாக நடப்பதால் விசை அறுபடுவதில்லை.

ஆனால் இந்த எண்ணெய்க்குக் கூலி கொடுக்க வேண்டும். கன்வெர்ட்டர் வழுக்கும் நேரமெல்லாம் ஆற்றல் சூடாகிறது. பின் தகடுகள் முன் தகடுகளின் பாதி வேகத்தில் சுழல்கின்றன, விசை ஒன்றரை மடங்காகிறது என்று கொண்டால், இன்ஜின் தருவதில் 75 விழுக்காடுதான் சக்கரத்தை நோக்கிப் போகும். இன்ஜின் 60 கிலோவாட் தந்துகொண்டிருந்தால் மீதி 15 கிலோவாட் எண்ணெயில் இறங்கும். வீட்டுக் குளியலறையில் இருக்கும் 1.5 கிலோவாட் கீசர் பத்தை ஒரே நேரத்தில் போட்டு, சில லிட்டர் எண்ணெயைச் சுடவைப்பதற்குச் சமம். கியர் எண்ணெய் 90 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் நிம்மதியாக இருக்கும். 120-ஐத் தாண்டினால் கெடத் தொடங்கும். 10 டிகிரி கூடும்போதெல்லாம் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. அதனால்தான் பாலைவனம் போகிறவர்கள் கியர்பாக்ஸுக்குத் தனி எண்ணெய் கூலரும் வெப்பமானியும் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கேயும் மருந்து லோ ரேஞ்ச்தான். அது கன்வெர்ட்டரின் சுமையைக் குறைத்து, பின் தகடுகளை விரைவில் வேகம் பிடிக்கவைத்து, வழுக்கலைக் குறைக்கிறது. மேனுவலோ ஆட்டோமேட்டிக்கோ, லோ ரேஞ்ச் போடும் அந்தச் சின்னக் கோலைத் தொடாமல் விடுகிறவர்கள்தான் ஒர்க்‌ஷாப்புக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததில் ஆட்டோமேட்டிக்கின் கை ஓங்கித் தெரியும். இறக்கத்துக்கு வரும்போது கதை மாறும்.

தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வண்டிப் பாதை கிடையாது. கேரளத்தின் சூரியநெல்லிக்குப் போய், அங்கிருந்து ஜீப்பில் ஏற வேண்டும். ஏறத்தாழ 7,900 அடி உயரத்துத் தேயிலைத் தோட்டம். பாதை என்பது பெயருக்குத்தான், கல்லும் பள்ளமும். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை விடியலுக்கு முன்பே ஏற்றிச் செல்லும் ஜீப்களில் பெரும்பாலானவை மேனுவல் மஹிந்திராக்கள். திரும்பி இறங்கும்போது ஓட்டுநரின் கால்களைக் கவனிக்க வேண்டும். ஃபோர் லோ, ஃபர்ஸ்ட் கியர். இரண்டு கால்களும் பெடல்களை விட்டுத் தரையில். இன்ஜின் உறுமுகிறது, வண்டி கல் கல்லாகத் தன் போக்கில் இறங்குகிறது. ஓட்டுநரின் வேலை ஸ்டியரிங் மட்டும். புதிதாக ஓட்டுகிறவரின் இடது கால் பயத்தில் கிளட்சைத் தேடும். மிதித்தால் போயிற்று: இன்ஜினின் பிடி விட்டு, வண்டி சரிவின் வேகத்துக்குப் போய்விடும். பதற்றத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் உருளும் சரளையில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

இந்தப் பிடி ஆட்டோமேட்டிக்கில் தளர்வது ஏன்? கன்வெர்ட்டரின் பெருக்கம் ஒருவழிப் பாதை. இன்ஜின் சக்கரத்தைத் தள்ளும்போது விசை பெருகும். சக்கரம் இன்ஜினைத் தள்ளும்போது பெருகாது. நடை வேகத்தில் கன்வெர்ட்டரின் இரு பக்கத் தகடுகளையும் ஒன்றாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் திறந்தே இருக்கும் என்பதால் எண்ணெய் பின்னோக்கியும் வழுக்கும். ஏற்றத்தில் கைகொடுத்த அதே வழுக்கல் இறக்கத்தில் காலை வாரிவிடும்.

மாருதி சுஸுகி ஜிம்னியின் எண்களில் இது பச்சையாகத் தெரிகிறது. மேனுவல் ஜிம்னியின் ஃபர்ஸ்ட் கியர் விகிதம் 4.425. அதை லோ ரேஞ்சின் 2.002-ஆலும் அச்சின் 4.09-ஆலும் பெருக்கினால் 36 சொச்சம். இன்ஜின் 36 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. நான்கு கியர் ஆட்டோமேட்டிக் ஜிம்னியில் ஃபர்ஸ்ட் கியர் 2.875, அச்சு 4.3, அதே லோ ரேஞ்சோடு பெருக்கினால் 25-ஐத் தொடவில்லை. 1940-களின் வில்லிஸ் ஜீப்பில் இதே கணக்குப் போட்டால் வருவது 25.6! கன்வெர்ட்டரின் இரட்டிப்பைச் சேர்த்தால் ஏற்றத்தில் ஆட்டோமேட்டிக் ஜிம்னி 50-ஐ எட்டி மேனுவலை முந்திவிடும். இறக்கத்தில் அந்த இரட்டிப்பு இல்லாமல் வெறும் 25-ஓடு நிற்கும். இன்ஜின் 800 சுற்றில் ஐடில் ஆகும்போது மேனுவல் ஜிம்னி மணிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவாக ஊர்ந்து இறங்கும். ஆட்டோமேட்டிக்கின் கணக்கு வேகம் 4.2, வழுக்கலால் அதுவும் நிலையாக இருக்காது.

அமெரிக்காவில் பாறை ஏறுவதையே விளையாட்டாகக் கொண்டவர்கள் இந்த எண்ணைச் சாமி மாதிரி கும்பிடுகிறார்கள். ஜீப் ரேங்ளர் ரூபிகானின் மேனுவலில் 84-க்கு 1. பிறகு அச்சை மாற்றி 100-க்கு 1 வரை கொண்டுபோனார்கள். 2021-இல் மறுபிறவி எடுத்த ஃபோர்டு பிராங்கோவுக்கு ஏழு கியர் மேனுவல். அதில் ஒன்று ஊர்வதற்கென்றே வைத்த கிராலர் கியர், மொத்த விகிதம் 94.75. பத்து கியர் ஆட்டோமேட்டிக் பிராங்கோவில் இது 67.8. கன்வெர்ட்டர் இருப்பதால் ஏறுவதற்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

இந்த எண்ணத்தை அதன் எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்தது ஃபோக்ஸ்வாகன். முதல் தலைமுறை அமராக் பிக்கப்பின் மேனுவல் வண்டியில் முறைப்படி லோ ரேஞ்ச் இருந்தது. 2012-இல் எட்டு கியர் ஆட்டோமேட்டிக் வந்தபோது லோ ரேஞ்சையே எடுத்துவிட்டார்கள். ஃபர்ஸ்ட் கியரைக் குட்டையாக வைத்தாயிற்று, கன்வெர்ட்டர் பெருக்கித் தருகிறது, பிறகு எதற்கு அந்த எடை என்பது வாதம். மணலிலும் சேற்றிலும் அந்த வண்டி நன்றாகவே போயிற்று. செங்குத்தான நீண்ட இறக்கத்தில் மட்டும் அது பிரேக்கையும் கணினியையும் நம்பியாக வேண்டும்.

கணினி நம்பக்கூடியதுதானா? இறக்கத்தில் வேகத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் 1997-இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் அறிமுகமானது. அந்த வண்டிக்கும் லோ ரேஞ்ச் கிடையாது என்பது தற்செயல் அல்ல. ஏபிஎஸ் பிரேக்கைச் சக்கரம் சக்கரமாக, நொடிக்குப் பலமுறை பிடித்து விட்டு இறக்கும். மனிதக் காலால் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாகப் பிரேக் பிடிக்க முடியாது, அதனால் கரடுமுரடான இடத்தில் இது நம்மைவிடக் கெட்டி. ஆனால் இன்ஜின் விழுங்க வேண்டிய ஆற்றலைப் பிரேக் விழுங்குகிறது. கால் கிலோமீட்டர் சரிவுக்குப் பரவாயில்லை. நாள் முழுக்க ஏறி இறங்கும் தொழில் வண்டியில் பிரேக் கட்டையின் ஆயுள் பேசும்.

ஏற்றத்தின் நடுவில் இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகப் புலப்படும். மேனுவலில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, கிளட்சை மிதித்து, லோ ரேஞ்ச் ரிவர்ஸ் போட்டு, கிளட்சை முழுதாக விட்டுவிட வேண்டும். இப்போது வண்டியை கியர் பிடித்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை ஓர் இழுப்பு இழுத்து இன்ஜினைக் கிளப்பும். பிரேக்கை மெல்லத் தளர்த்தினால் இன்ஜின் பிடியிலேயே பின்னோக்கி நேராக இறங்கிவிடலாம். கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாத புதிய வண்டிகளில் இது நடக்காது. 70 சீரிஸ் மாதிரியான வண்டிகளில் அந்தத் தடையை நீக்கத் தனி பொத்தானே வைத்திருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் பார்க்கிலோ நியூட்ரலிலோ வைத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். நியூட்ரல் போட்டு ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகள் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் ஒன்றுதான். நல்ல வேளையாக, கன்வெர்ட்டர் இருக்கும் வண்டி மேட்டில் ஆஃப் ஆவது அபூர்வம்.

ஆற்றைக் கடக்கும்போது மேனுவலுக்கு ஒரு தனிக் கட்டுப்பாடு உண்டு. நடுத் தண்ணீரில் கிளட்சை மிதிக்கக் கூடாது. தட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் இடையே தண்ணீரும் மணலும் புகுந்துவிடும். இறங்கும் முன்பே கியரைத் தீர்மானித்துவிட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கவலை இல்லை. அதற்கு மூச்சுக்குழாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் போதும்.

இவ்வளவு அறிவியலையும் கேட்டுக்கொண்டு, ஒரு மலையூர் ஜீப் ஓட்டுநர் மேனுவலையே வாங்குவார் என்றால் அதில் பிடிவாதம் மட்டும் இருப்பதாக நினைக்கக் கூடாது. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பக்கத்து ஊர் மெக்கானிக் கியர்பாக்ஸை இறக்கி, பிளேட்டை மாற்றி, மறுநாள் சவாரிக்கு வண்டியைக் கொடுத்துவிடுவார். ஆட்டோமேட்டிக்கில் கோளாறு வந்தால் கண்டுபிடிக்கவே ஸ்கேனர் வேண்டும். அதன் வால்வுத் தொகுதியைப் பிரித்துச் சேர்க்கும் கை எல்லா ஊரிலும் இல்லை. பேட்டரி இறங்கிவிட்டால் மேனுவலைச் சரிவில் உருட்டிக் கிளப்பிவிடலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் வருமானம் போகிறவருக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. வாரக் கடைசியில் மலைக்குப் போய், மற்ற நாளெல்லாம் சென்னை நெரிசலில் கிளட்ச் மிதிப்பவரின் கணக்கு வேறு. அவர் ஆட்டோமேட்டிக் வாங்குவதற்கு யாரிடமும் நியாயம் சொல்ல வேண்டியதில்லை.

சுமை இழுப்பதிலும் தராசு சாய்ந்துவிட்டது. 2015-இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஹைலக்ஸ் ஃபோர் பை ஃபோர் டீசலில் மேனுவல் 3,500 கிலோ இழுக்கும், ஆட்டோமேட்டிக் 3,200 மட்டும். 2020-இல் ஆட்டோமேட்டிக்கும் 3,500 ஆயிற்று. 2022-இல் அங்கே வந்த புதிய ஃபோர்டு ரேஞ்சரில் மேனுவலே இல்லை.

வாங்கப் போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. இரண்டு பெடல் இருப்பதெல்லாம் ஒன்றல்ல. ஏஎம்டி என்று விற்கப்படுவது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கும் வேலையை மட்டும் ஓர் இயந்திரக் கை செய்கிறது. உராய்வுத் தட்டு அங்கேயே இருக்கிறது, பெருக்கம் இல்லை, சூடு உண்டு. இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸும் தட்டுகளை நம்பியதே. இந்தக் கட்டுரையில் ஆட்டோமேட்டிக்குக்குச் சொன்ன பெருமையெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வண்டிக்கு மட்டும் பொருந்தும். தார், ஸ்கார்ப்பியோ-என், ஃபார்ச்சூனர், ஜிம்னி எல்லாவற்றிலும் இருப்பது அதுதான். விவரத் தாளில் ஃபர்ஸ்ட் கியர், லோ ரேஞ்ச், அச்சு என்ற மூன்று விகிதங்களையும் தேடிப் பெருக்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகாது. விற்பனையாளரிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

மின்சார வண்டிகள் இந்தச் சண்டையையே முடித்துவைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. மின்மோட்டார் சுழலாமல் நிற்கும்போதே முழு முறுக்கு விசை தரும். கிளட்சும் வேண்டாம், கன்வெர்ட்டரும் வேண்டாம். 2024-இல் மெர்சிடிஸ் தன் பழைய ஜி-கிளாஸைச் சக்கரத்துக்கொரு மோட்டார் என்று நான்கு மோட்டார் வைத்து மின்சார வண்டியாக்கியது. நான்கும் சேர்ந்து ஆயிரம் நியூட்டன் மீட்டருக்கும் மேல் தருகின்றன. அப்படியிருந்தும் ஒவ்வொரு மோட்டாருக்கும் இரண்டு வேகக் கியர்பாக்ஸ் ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். அதில் ஒன்று வேகத்தைப் பாதியாக்கும் லோ ரேஞ்ச்.